மலாகா தீவின் உடைந்த தட்டுகள்

வரலாறு என்றதும் நமக்குக் கோட்டையும் கல்வெட்டும் செப்பேடும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகின் பல சிற்றூர்களில் மக்கள் தங்கள் வரலாற்றைச் சேர்த்துவைத்திருப்பது அடுப்படிச் சாமான்களில்தான். பாட்டியின் தேநீர்க் கோப்பை, தாத்தாவின் மீன்கத்தி, பிள்ளைகள் உட்கார்ந்து படித்த பலகை எல்லாவற்றையும் ஒரு சிறு கட்டடத்தில் வைத்து, இன்னார் வீட்டுப் பொருள் என்று சீட்டு எழுதி, ஊரே பாதுகாக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் இது பெரிய வழக்கம். அதன் கடற்கரையை ஒட்டி ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆள் வசிக்கும் சிறு தீவுகளில்கூட வரலாற்றுக் கழகம் ஒன்று இருக்கும். காஸ்கோ விரிகுடாவில் உள்ள ஷெபீக் தீவில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். அவர்களுக்கும் ஒரு வரலாற்றுக் கழகம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடம் ஒன்றைப் புதுப்பித்து, அதையே தீவின் அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். இத்தகைய தீவு அருங்காட்சியகங்களில் பொதுவாக என்ன இருக்கும்? வெண்ணெய் கடையும் மரச்சாடி, மண்ணெண்ணெய் விளக்கு, ஒட்டுத்துணிப் போர்வை, படகுத் தச்சரின் இழைப்புளி, குடும்பப் படங்கள். மன்னரும் தளபதியும் இல்லாத வரலாறு. உழைத்த கைகளின் வரலாறு. நல்ல காரியம்தான், நாம் மதிக்க வேண்டிய காரியம்தான்.

ஆனால் அதே காஸ்கோ விரிகுடாவில் இன்னொரு தீவு இருக்கிறது. பெயர் மலாகா. பரப்பு 40 ஏக்கருக்குச் சற்றே கூடுதல். கரைக்கு மிக அருகில், நியூ மெடோஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பிப்ஸ்பர்க் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. அங்கும் மீனவர்கள் வாழ்ந்தார்கள். அங்கும் விளக்கு எரிந்தது, தட்டில் சோறு விழுந்தது. அங்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இன்று அந்தத் தீவில் ஒரு வீடுகூட இல்லை. அந்த மக்களின் வீட்டுச் சாமான்களை எந்த வாரிசும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரே கடல், ஒரே தொழில். ஒரு தீவின் பள்ளிக்கூடம் அருங்காட்சியகமானது. இன்னொரு தீவின் பள்ளிக்கூடம் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டது. ஏன் என்பதுதான் நம் கேள்வி.

யார் அந்த மக்கள்?

பெஞ்சமின் டார்லிங் என்ற கருப்பின மனிதர் 1794இல் மலாகாவுக்கு அருகிலிருந்த ஹார்ஸ் தீவை விலைக்கு வாங்கினார். அவருடைய சந்ததியினர் அந்தப் பகுதித் தீவுகளில் பரவினார்கள். 1860களில் மலாகாவில் நிலையான குடியிருப்பு உருவானது. கருப்பர்களும் வெள்ளையர்களும் கலந்து மணந்து வாழ்ந்த குடும்பங்கள். மீன் பிடித்தார்கள், சிங்கி இறாலுக்குக் கூண்டு போட்டார்கள், மட்டி தோண்டினார்கள். கரையில் இருந்த பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். பெண்கள் கரைக்காரர்களின் துணிகளை வாங்கித் துவைத்துக் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் சுமார் 45 பேர்.

ஏழைகள்தான். ஆனால் அந்தக் கடற்கரையில் அதே அளவு ஏழைகளான வெள்ளை மீனவர்கள் ஏராளம். அவர்களுடைய குடிசைகளும் அப்படித்தான் இருந்தன, அவர்கள் சாப்பாடும் அதேதான். அவர்களை யாரும் தீவை விட்டுத் துரத்தவில்லை. ஆக, மலாகாவின் குற்றம் வறுமை அன்று. கலந்து வாழ்ந்ததுதான் குற்றம்.

ஒரு விவரத்தை இங்கே கவனிக்க வேண்டும். மெய்ன் மாநிலத்தில் வெள்ளையரும் கருப்பரும் மணந்துகொள்வதை 1821ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தது. 1883இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. அதாவது மலாகா குடும்பங்களில் பல, சட்டம் செல்லாது என்று சொன்ன காலத்திலேயே குடும்பமாக வாழ்ந்தவை. தனக்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தது 1916 மே மாதம். மலாகா காலிசெய்யப்பட்டு அப்போது நான்காண்டுகள்கூட முடிந்திருக்கவில்லை. கலப்பு என்றால் ஆதிக்கவாதிகளுக்கு ஏன் இவ்வளவு நடுக்கம் என்று புரிந்துகொள்ள அந்த ஒரு கட்டுரை போதும்.

துரத்தியது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெய்ன் கடற்கரைக்குக் கோடைச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். மீன்பிடித் தொழில் சரிந்துகொண்டிருந்தது, விடுதித் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்த நிலத்துக்கு விலை ஏறியது. அந்த அழகான காட்சியின் நடுவே கருப்பர்களின் குடிசைகள் தெரிவது கண்ணை உறுத்தியது.

முதலில் ஊர்கள் கைகழுவின. மலாகா எங்கள் எல்லையில் இல்லை என்று பிப்ஸ்பர்க் சொன்னது, எங்களுடையதும் இல்லை என்று ஹார்ப்ஸ்வெல் சொன்னது. தீவு தன் எல்லைக்குள் வந்தால் அங்குள்ள ஏழைகளுக்கு நிவாரணம் தர வேண்டுமே! இறுதியில் அந்த மக்கள் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் மாநில அரசின் பொறுப்பில் விடப்பட்டார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஊரின் கணக்கில் சேராத மக்கள் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்துப் பத்திரிகைகள் வந்தன. அழுக்கு, சோம்பல், ஒழுக்கக்கேடு, அறிவுக் குறைவு என்று தலைப்பு மேல் தலைப்பாக எழுதின. தீவில் ஓரளவு செல்வாக்கோடு இருந்த ஜேம்ஸ் மெக்கென்னி என்ற மீனவரை 'மலாகாவின் ராஜா' என்று கேலி செய்தன. இது யூஜெனிக்ஸ் எனப்படும் இனமேம்பாட்டியல் அறிவியல் வேடம் போட்டுத் திரிந்த காலம். ஏழ்மையும் குற்றமும் இரத்தத்தில் வருபவை, கெட்ட இரத்தத்தைப் பெருகவிடக் கூடாது என்று படித்தவர்கள் பேசிய காலம். 1908இல் மெய்ன் அரசு 'மந்தபுத்திக்காரர்களுக்கான பள்ளி' என்று நியூ குளோஸ்டரில் ஒரு நிறுவனத்தையே திறந்துவிட்டது. 1925இல் கட்டாயக் கருத்தடைக்கும் சட்டம் வந்தது.

இடையில் ஒரு மிஷனரிக் குடும்பம் தீவுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியது. நன்கொடை திரட்டிப் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். படிப்பு வந்தால் நிலைமை மாறும் என்பார்களே, இங்கே அதற்குக்கூட நேரம் தரவில்லை. 1911 ஜூலையில் ஆளுநர் பிரெடெரிக் பிளேஸ்டெட் தன் ஆலோசனைக் குழுவோடு தீவைப் பார்வையிட்டார். குடிசைகளைக் கொளுத்திவிடுவதே நல்லது என்ற பொருளில் அவர் பேசியது பத்திரிகையில் வந்தது. ஆண்டு முடிவதற்குள், தீவின் உரிமையாளர்கள் என்று சொல்லிக்கொண்ட கரைக் குடும்பத்திடமிருந்து 471 டாலருக்கு அரசு தீவை வாங்கியது. அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

8 பேரை 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தி நியூ குளோஸ்டர் நிறுவனத்தில் அடைத்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களே அதில் பெரும்பாலோர். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த தீவிலிருந்துதான் இவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் 1912 ஜூலை 1ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு.

அந்த நாளில் அரசின் ஆள் தீவுக்கு வந்தபோது வீடுகள் இல்லை. கொளுத்துவதற்கு எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பலகை பலகையாகத் தங்கள் வீடுகளைத் தாங்களே பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். ட்ரிப் என்ற குடும்பம் தன் வீட்டைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றில் மிதந்தது. எந்தக் கரையும் அவர்களை ஏற்கவில்லை. தெப்பத்திலேயே தாய் நோயுற்றாள் என்றும், கணவர் புயலில் துடுப்புப் போட்டு உதவி தேடிப் போய்த் திரும்புவதற்குள் அவள் இறந்துவிட்டாள் என்றும் சொல்லப்படுகிறது.

உயிரோடு இருந்தவர்களோடு அரசு நிற்கவில்லை. தீவின் இடுகாட்டைத் தோண்டி 17 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். 17 பேருக்கு 5 பெட்டிகள். அவற்றை நியூ குளோஸ்டர் நிறுவனத்தின் இடுகாட்டில் புதைத்தார்கள். அங்கே இருக்கும் கற்களில் தெரியும் தேதி 1912 நவம்பர். இறந்த நாளைக்கூட அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை, அரசு இடம் மாற்றிய நாள்தான் கல்லில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைக் கழற்றி லவுட்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். வீடு, பள்ளி, கல்லறை மூன்றும் போயின. இங்கே மக்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

பொருள் பாதுகாக்கப்பட என்ன தேவை?

இப்போது அருங்காட்சியகத்துக்குத் திரும்புவோம். பாட்டியின் தேநீர்க் கோப்பை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர மூன்று விஷயங்கள் தேவை. அதை வைத்திருக்க ஒரு நிலையான வீடு. கைமாற்றிக் கொடுக்க ஒரு வாரிசு. 'இது என் பாட்டியுடையது' என்று ஊர் நடுவே சொல்ல அச்சமில்லாத ஒரு வாய்.

மலாகா மக்களுக்கு மூன்றும் பறிக்கப்பட்டன. வீடு தெப்பத்தில் போனது. சிலரின் வாரிசுகள் நிறுவனச் சுவர்களுக்குள் முடிந்தார்கள். மிஞ்சியவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கரையோர ஊர்களில் மலாகா என்ற பெயரே வசைச் சொல்லாகப் புழங்கியது. அந்தத் தீவிலிருந்து வந்த குடும்பம் என்று தெரிந்தால் அவமானம் என்பதால், பெற்றோர் பிள்ளைகளிடமும் மறைத்தார்கள். தாத்தா பாட்டி எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரியாமலேயே வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கோப்பை மிஞ்சியிருந்தாலும், அது யாருடையது என்று சீட்டு எழுதி ஒட்ட யாருக்குத் துணிவு வரும்?

சாதியை மறைத்து நகரத்தில் வாடகை வீடு எடுத்த எவருக்கும் இது தெரியும். முதலில் மறைவது சுவரில் மாட்டிய படம். பிறகு பேச்சு. பிறகு பாட்டியின் பெயர். வரலாற்றுக் கழகம் வேண்டுமென்றே யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை. தானாக முன்வந்து கொடுப்பவர்களின் பொருளை மட்டும் வாங்கிவைத்தாலே போதும், ஒடுக்கப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

சிப்பி மேட்டில் கிடைத்தவை

மலாகாவின் சாட்சி வேறொரு இடத்தில் இருந்தது: குப்பையில். இந்தக் கடற்கரையில் தொல்குடி மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் மட்டி தின்று போட்ட ஓடுகள் மேடு மேடாகக் கிடக்கின்றன. அத்தகைய சிப்பி மேட்டின் மீதுதான் மலாகா மக்களும் குடியேறினார்கள். அவர்கள் எறிந்ததும் அதிலேயே சேர்ந்தது. மெய்ன் மண் அமிலத்தன்மை உள்ளது, எலும்பை விரைவில் அரித்துவிடும். சிப்பி ஓட்டின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறிக்கிறது. அதனால் மீன்முள்கூட அழியாமல் கிடந்தது. அரசு அழிக்க நினைத்ததை மண் காப்பாற்றிவைத்திருந்தது.

2001இல் ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை தீவை வாங்கியது. அதன்பின் சதர்ன் மெய்ன் பல்கலைக்கழகத்தின் நாதன் ஹாமில்டன், ராபர்ட் சான்ஃபோர்ட் ஆகியோர் மாணவர்களோடு தோண்டினார்கள். பழைய படங்களை வைத்து எந்தக் குடும்பத்தின் வீடு எங்கே இருந்தது என்று பார்த்தார்கள். பல்லாயிரக்கணக்கான சிறு பொருள்கள் கிடைத்தன. உடைந்த பீங்கான் தட்டுகள், பொத்தான்கள், புகைக்குழாய்த் துண்டுகள், ஆணிகள், மீன்பிடிச் சாமான்கள், எலும்புகள்.

இவற்றில் புதையல் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் அந்தக் காலப் பத்திரிகைச் செய்தியை மறுத்துப் பேசுகிறது. காட்டுமிராண்டிகள் என்றீர்களே, அவர்கள் தட்டில்தான் சாப்பிட்டார்கள், கரையில் இருந்தவர்கள் கடையில் வாங்கிய அதே வகைத் தட்டில். சோம்பேறிகள் என்றீர்களே, தூண்டில் முள்ளும் மீன்முள்ளும் என்ன சொல்கின்றன? அழுக்கானவர்கள் என்றீர்களே, உங்கள் வீட்டு அழுக்குத் துணியைத் துவைத்துக் கொடுத்த பெண்களின் தீவில்தான் இந்தப் பொத்தான்கள் கிடக்கின்றன.

உடைந்த தட்டு என்றதும் நமக்கு இன்னொரு நினைவு வராமல் போகாது. சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்று மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் விதிக்கிறது. அது ஏதோ பழங்கால ஓலையோடு முடிந்த கதையும் அன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது. அதோடு, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்தவர் அடுப்படியில் இருப்பது மண்ணா பித்தளையா என்பதில் ஆதிக்கத்துக்கு என்ன அக்கறை? பாத்திரம் என்பது வெறும் பாத்திரம் இல்லை என்று அதற்குத் தெரியும். அது மனிதத் தகுதியின் அடையாளம். மெய்ன் ஆளுநருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஆளை வெளியேற்றியதோடு நிற்காமல் குடிசையைக் கொளுத்தவும் நினைத்தார்.

மன்னிப்பும் மிச்சமும்

2009இல் மலாகா பற்றிய வானொலி ஆவணம் ஒன்று வெளியாகி, வழித்தோன்றல்கள் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார்கள். 2010இல் மெய்ன் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் ஜான் பால்டாச்சி தீவுக்கே போய் வழித்தோன்றல்கள் முன் மன்னிப்புக் கேட்டார். வெளியேற்றத்தின் நூற்றாண்டான 2012இல் மெய்ன் மாநில அருங்காட்சியகம் மலாகா கண்காட்சியை நடத்தியது. சிப்பி மேட்டுக் குப்பை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் மரியாதையோடு வைக்கப்பட்டது. 2017இல் நியூ குளோஸ்டர் இடுகாட்டில் நினைவுக்கல் நாட்டப்பட்டது.

இதெல்லாம் சிறிய விஷயங்கள் இல்லை. ஓர் அரசு, தான் செய்தது தவறு என்று அந்த மண்ணிலேயே நின்று சொல்வது நம் நாட்டில் நாம் பார்த்திராத காட்சி. ஆனாலும் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. தீவு அந்த மக்களின் வழித்தோன்றல்களுக்குத் திரும்பவில்லை. இன்று அது மரங்களும் நடைபாதையும் உள்ள இயற்கைக் காப்பிடம். சுற்றியுள்ள மீனவர்கள் தங்கள் இறால் கூண்டுகளை அடுக்கிவைக்கிறார்கள். 1912க்குப் பின் அங்கே யாரும் குடியேறவில்லை. தட்டு அருங்காட்சியகத்துக்கு வந்தது, தட்டில் சாப்பிட்டவர்களின் நிலம் வரவில்லை.

மலாகாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தோண்டி எடுக்கும் நிலைக்கு விடாதீர்கள். அந்த மக்களின் குப்பையைச் சிப்பி ஓடு காப்பாற்றியது. நம் பாட்டிமார்களின் பொருள்களை எது காப்பாற்றும்? தேநீர்க் கடையில் நம்மவர்களுக்குத் தனியாக வைத்திருந்த சிரட்டையை, இரட்டைக் குவளையை எந்த அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறோம்? தடையை மீறி முதன்முதலில் வாங்கிய பித்தளைக் குடம் எத்தனை வீடுகளில் பழைய பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போயிருக்கும்!

அரசு அருங்காட்சியகம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஷெபீக் தீவில் அதைச் செய்தவர்கள் சில நூறு பேர், ஒரு பழைய பள்ளிக்கூடம். நம் சேரிகளில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். இந்த வாரம் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். அரிக்கேன் விளக்கோ, சாணை தேய்ந்த அரிவாளோ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ கிடைக்கும். வீட்டில் மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, அது யாருடையது, எப்போது வாங்கியது, எந்தக் கூலியில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழுப் பெயரையும் எழுதுங்கள், ஊர்க்காரர்கள் கூப்பிட்ட பட்டப்பெயரை அல்ல. அந்தத் தாளை மடித்து அந்தப் பொருளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.